வாய்தாவும் வாணிபமும்

சோழ நாட்டு வணிகன் ஒருவன் பாண்டிய நாட்டுக்குப் பிழைப்புத் தேடிச் சென்றான். கையில் முதல் இல்லை. மனைவியின் காற்சிலம்புதான் இருந்தது. அதை விற்று முதலாக்கி, மதுரை மாநகரில் வாணிபம் தொடங்கலாம் என்ற எண்ணத்தோடு அங்காடித் தெருவில் நுழைந்தான். பொற்கொல்லன் ஒருவன் சொன்ன சொல்லை அரண்மனை நம்பிற்று. சாட்சி இல்லை, விசாரணை இல்லை, பழி சுமத்தப்பட்டவனை அழைத்து 'ஏனப்பா, என்ன நடந்தது?' என்று கேட்பாரும் இல்லை. வாள் வீசப்பட்டது! அதன்பின் மதுரை என்ன ஆயிற்று என்பதைத் தமிழ் படித்த பிள்ளைகள் எல்லோரும் அறிவார்கள்.

சிலப்பதிகாரத்தைக் கற்பின் கதை என்பார்கள், ஊழின் கதை என்பார்கள். இன்று அதை வணிகன் ஒருவனின் வழக்காக எண்ணிப் பார்க்கும்படி கேட்கிறோம். நாடு விட்டு நாடு வந்த வணிகனுக்கு, வந்த நாட்டில் நீதி கிடைக்கவில்லை. அந்தச் செய்தி புகார் நகரத்துக்கு எட்டியபின், எந்தச் சோழ நாட்டு வணிகன் மதுரைக்கு மூட்டை கட்டியிருப்பான்? எந்தத் தாய் தன் மகனை அங்கே அனுப்பத் துணிந்திருப்பாள்?

அன்று அவசரத் தீர்ப்பு வணிகனைக் கொன்றது. இன்று தீராத வழக்கு தொழிலைக் கொல்கிறது. வாள் வேறு, வெட்டு ஒன்றுதான்!

நீதிமன்றச் சீர்திருத்தம் என்றால், அது வக்கீல்மார்களும் நீதிபதிகளும் தமக்குள் பேசித் தீர்த்துக்கொள்ள வேண்டிய விவகாரம் என்று நினைப்போர் உண்டு. ஆவடியை அடுத்த வெள்ளானூரில் கூட்டம் முடிந்து மேடையை விட்டு இறங்கும்போது ஒரு தோழர் வழிமறித்துக் கேட்டார்: "ஏற்றுமதி, அந்நிய முதலீடு, நடுவர் மன்றம் என்று என்னென்னவோ சொன்னீங்கண்ணே. நமக்கு நாலு லேத்து, ஆறு ஆளு. நமக்கும் அதுக்கும் என்ன?" நின்ற நிலையில் சொல்லி முடிக்கக்கூடிய பதில் அல்ல அது. அதனால் இங்கே எழுதுகிறோம்.

அந்த நாலு லேத்தில் கடைந்தெடுக்கும் இரும்புத் துண்டு எங்கே போகிறது? அம்பத்தூர்த் தொழிற்பேட்டையிலுள்ள ஒரு கம்பெனிக்குப் போகிறது. அங்கே அது பெரிய உறுப்பு ஒன்றின் சிறிய பகுதியாகிறது. அந்த உறுப்பு திருப்பெரும்புதூர் சாலையிலுள்ள பெரிய ஆலைக்குப் போகிறது. ஆலையிலிருந்து துறைமுகம், துறைமுகத்திலிருந்து கப்பல், கப்பலிலிருந்து கடல் கடந்த நாடு! பொருள் இப்படி மேலே ஏறிப் போகிறது. பணம் மட்டும் இறங்கி வர மறுக்கிறது. அயல்நாட்டான் கம்பெனிக்குக் கொடுக்கிறான்; கம்பெனி அடுத்தவனுக்குத் தாமதமாகக் கொடுக்கிறது; அடுத்தவன் பட்டறைக்காரரிடம், 'அடுத்த மாதம் பார்க்கலாம்' என்கிறான். ஆடி போய் ஆவணி வருகிறது, தை போய் மாசி வருகிறது. சனிக்கிழமை மாலை ஆறு ஆளுக்கும் கூலி கொடுத்தாக வேண்டும். அதற்கு வாய்தா கிடையாது!

சரி, வழக்குப் போடலாம் என்கிறீர்களா? கணக்குப் போட்டுப் பார்ப்போம். உலக வங்கி 2020ஆம் ஆண்டுக்கென வெளியிட்ட பட்டியலில், இந்தியாவில் ஒரு வணிக வழக்கைத் தொடுத்து, தீர்ப்புப் பெற்று, பணத்தை வசூலிக்க 1,445 நாள் ஆகிறது என்றும், வழக்குத் தொகையில் 31 விழுக்காடு செலவாகிறது என்றும் கண்டிருந்தது. ஒப்பந்தத்தை நிறைவேற்றித் தரும் வரிசையில் நமக்குக் கிடைத்த இடம் 163! சிங்கப்பூரில் அதே வேலைக்கு 164 நாள். அந்தப் பட்டியல் பம்பாயையும் டில்லியையும் மட்டும் பார்த்து எழுதப்பட்டது என்பதையும், புள்ளிவிவரக் குளறுபடி வெளிப்பட்டு 2021இல் உலக வங்கியே அதை நிறுத்திவிட்டது என்பதையும் மறைக்க நாம் விரும்பவில்லை. பட்டியலில் பிழை இருக்கலாம். கோர்ட்டுப் படி ஏறி இறங்கியவனின் கால்வலியில் பிழை இருக்குமா?

பட்டறைக்காரருக்கு வரவேண்டியது இருபது இலட்சம் என்று கொள்வோம். அந்தக் கணக்குப்படி வழக்குச் செலவு ஆறு இலட்சத்து இருபதாயிரம். நான்கு ஆண்டு நூற்றுக்கு ஒரு ரூபாய் மாத வட்டிக்கு வெளியே கடன் வாங்கிப் பட்டறையை ஓட்டினால், அந்த வட்டி ஒன்பது இலட்சத்து அறுபதாயிரம். இருபதை வாங்கப் பதினாறு போகிறது! இது தெரிந்த கடன்காரன் என்ன செய்வான்? பன்னிரண்டு இலட்சம் தருகிறேன், வாங்கிக்கொண்டு போ என்பான். பட்டறைக்காரரும் வாங்கிக்கொண்டு போவார். அந்த எட்டு இலட்சம் எந்தச் சட்டப் புத்தகத்திலும் எழுதப்படாத வரி! தாமதம் என்னும் துரை விதிக்கும் வரி!

அடுத்த முறை விலை கேட்கும்போது அவர் என்ன செய்கிறார்? வராமல் போகும் பணத்தையும் சேர்த்தே விலை சொல்கிறார். அவருக்கு மேலே உள்ளவரும் அப்படியே செய்கிறார். கப்பல் ஏறும்போது அந்தப் பொருளின் விலையில் இரும்பு இருக்கிறது, கூலி இருக்கிறது, மின்சாரம் இருக்கிறது, நமது நீதிமன்றத்தின் வாய்தாவும் இருக்கிறது! வியட்நாமிலோ சீனத்திலோ செய்த பொருளோடு சந்தையில் மோதும்போது அந்த வாய்தாவையும் சுமந்துகொண்டுதான் மோத வேண்டும்.

சட்டமே இல்லையா என்றால், உண்டு, அடுக்கடுக்காக உண்டு. 2006ஆம் ஆண்டின் சிறு, நடுத்தரத் தொழில் மேம்பாட்டுச் சட்டம், சிறுதொழிலாளரிடம் வாங்கிய பொருளுக்கு 45 நாளுக்குள் பணம் கொடுக்க வேண்டும் என்கிறது. தவறினால் வங்கி விகிதத்தைப்போல் மூன்று மடங்கு வட்டி, மாதாமாதம் கூட்டு வட்டி என்கிறது. வசதி மன்றம் 90 நாளில் முடிவு சொல்ல வேண்டும் என்கிறது. தீர்ப்பை எதிர்த்துப் போகிறவன் முக்கால் பங்கு தொகையைக் கட்டிவிட்டுத்தான் போக வேண்டும் என்றும் சொல்கிறது. எழுதியவர் கைக்குத் தங்கக் காப்புப் போடலாம்! ஆனால், கேட்டால் அடுத்த ஆர்டர் கிடைக்காதே என்ற அச்சம் பட்டறைக்காரரின் வாயைக் கட்டிப்போடுகிறது. அந்த அச்சத்தைக் கடந்து போகிறவருக்காவது 90 நாள் 90 நாளாகவே இருந்தால்தானே நம்பிக்கை பிறக்கும்?

காசோலை திரும்பி வந்தால் குற்றம் என்று 1988இல் சட்டம் செய்தார்கள். ஆறு மாதத்தில் முடிக்க முயல வேண்டும் என்று பின்னர் அதிலே சேர்த்தார்கள். 2019 முடிவில் நாடு முழுவதும் தேங்கிக் கிடந்த குற்ற வழக்குகள் 2 கோடியே 31 இலட்சம். அவற்றில் 35 இலட்சத்துக்கு மேற்பட்டவை காசோலை வழக்குகள்! உச்ச நீதிமன்றமே கவலைப்பட்டு, தானாக முன்வந்து வழக்கெடுத்து, 2021இல் வழிமுறை வகுக்க வேண்டியதாயிற்று.

வணிக நீதிமன்றங்கள் சட்டம் 2015இல் வந்தது. ஒரு கோடிக்கு மேற்பட்ட வழக்குகளுக்கு மட்டும் என்றிருந்த வரம்பை 2018இல் மூன்று இலட்சமாகக் குறைத்தார்கள். பிரதிவாதி 120 நாளுக்குள் பதில் மனு போடாவிட்டால் அந்த உரிமையே போய்விடும் என்பது நல்ல ஏற்பாடு. பாராட்டுகிறோம். ஆனால் வரம்பைக் குறைத்தால் வழக்கு பெருகும். வழக்கு பெருகினால் நீதிபதிகள் பெருக வேண்டும். கடைக்குப் பெயர்ப்பலகை புதிதாக எழுதி, கல்லாவில் உட்கார ஆள் வைக்காதவனை என்னவென்று சொல்வது? பத்து இலட்சம் மக்களுக்குப் பத்தரை நீதிபதி என்றிருப்பதை ஐம்பதாக்க வேண்டும் என்று சட்டக் கமிஷன் சொன்னது 1987இல். அனுமதித்த பணியிடங்களை எல்லாம் சேர்த்து எண்ணியும் டில்லி சர்க்கார் 2023இல் காட்ட முடிந்தது 21 பேரைத்தான். மின்னணு நீதிமன்றத் திட்டத்துக்கு அதே ஆண்டில் 7,210 கோடி ரூபாய் ஒதுக்கினார்கள். கணினி வேண்டியதுதான். ஆனால் கணினி தீர்ப்பு எழுதாது.

பட்டறைக்காரர் இப்படித் தவிக்கும்போது பெரிய முதலாளி எங்கே போகிறார்? சிங்கப்பூருக்குப் போகிறார்! அயல்நாட்டான் நம்மோடு ஒப்பந்தம் எழுதும்போதே, தகராறு வந்தால் சிங்கப்பூர் நடுவர் மையத்தில் தீர்த்துக்கொள்வோம் என்று ஒரு வரி எழுதச் சொல்கிறான். தமிழன் கூலியாகவும் வணிகனாகவும் கப்பலேறிப் போன நாடு அது. தமிழை ஆட்சிமொழிகளில் ஒன்றாக ஏற்றிருக்கும் நாடு அது. அதன்மீது நமக்குப் பொறாமை இல்லை. ஆனால் நம் ஊர்த் தகராறு அங்கே போய்த்தான் தீர வேண்டும் என்றால், நம் ஊர் மன்றத்துக்கு உலகம் கொடுத்திருக்கும் மதிப்பெண் என்ன? நாலு லேத்து வைத்திருப்பவர் சிங்கப்பூர் போவாரா? விமானக் கட்டணத்துக்கே ஒரு லேத்தை விற்க வேண்டும்!

அயல்நாட்டான் ஏன் அஞ்சுகிறான் என்பதற்கு வழக்கு ஒன்று உண்டு. ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த ஒயிட் இண்டஸ்ட்ரீஸ் என்ற கம்பெனி, பொதுத்துறையைச் சேர்ந்த கோல் இந்தியாவோடு 1989இல் சுரங்க ஒப்பந்தம் செய்தது. தகராறு எழுந்தது. நடுவர் மன்றம் 2002இல் ஆஸ்திரேலியக் கம்பெனிக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது. தொகை சுமார் நாற்பது இலட்சம் ஆஸ்திரேலிய டாலர். உலக வாணிபத்தில் இது ஒரு தொகையே அல்ல! அதை வசூலிக்க டில்லிக்குப் போனார்கள்; எதிர்த்துக் கல்கத்தாவுக்குப் போனார்கள்; உச்ச நீதிமன்றத்துக்குப் போனார்கள். ஆண்டு ஒன்பது கடந்தது. முடியவில்லை. இரு நாட்டு முதலீட்டு உடன்பாட்டின்கீழ் அந்தக் கம்பெனி இந்தியக் குடியரசின் மீதே வழக்குத் தொடுத்தது. உரிமையை நிலைநாட்டப் பயனுள்ள வழியை இந்தியா செய்து தரவில்லை என்று 2011 நவம்பரில் தீர்ப்பாயிற்று. இந்தியா தோற்றது! பணம் கொடுக்க மறுத்த குற்றத்துக்காக அல்ல, நீதிமன்றத் தாமதத்துக்காக ஒரு நாடு தோற்றது! பிறகு டில்லி என்ன செய்தது? நீதிமன்றத்தை விரைவுபடுத்துவதற்கு முன், அப்படிப்பட்ட உடன்பாடுகளை ரத்துச் செய்யும் வேலையை விரைவாகச் செய்து முடித்தது. உடம்பில் காய்ச்சல் என்று காட்டிய கண்ணாடிக் குழாயை உடைத்தெறிந்த மருத்துவத்தைப் போன்றது இது.

இந்தியாவை நடுவர் தீர்ப்புக்கு நடுநாயகமாக்குவோம் என்று ஒருபுறம் முழக்கம். மறுபுறம் 2024 ஜூனில் டில்லி நிதி அமைச்சகமே, சர்க்கார் ஒப்பந்தங்களில் பத்துக் கோடிக்கு மேற்பட்ட தகராறுகளுக்கு நடுவர் முறையை வழக்கமாகச் சேர்க்க வேண்டாம் என்று சுற்றறிக்கை விடுகிறது. கடைக்காரனே தன் கடைச் சோற்றை உண்ண அஞ்சினால் வழிப்போக்கன் எப்படி உண்பான்?

அயல்நாட்டான் பணம் போனால் போகட்டும், நமக்கென்ன என்று சொல்லிவிட முடியுமா? நோக்கியாவை மறந்துவிட்டோமா? திருப்பெரும்புதூரில் 2006இல் ஓடத் தொடங்கிய தொழிற்சாலை அது. எண்ணாயிரம் பேர் வரை அங்கே நேரடியாக வேலை பார்த்தார்கள். பெரும்பாலோர் இருபது வயதையொட்டிய பெண்கள். வீட்டில் முதன்முதலாக மாதச் சம்பளம் வாங்கியவர்கள். தம்பியின் படிப்பும், தங்கையின் திருமணமும், தகப்பனின் கடனும் அந்தச் சம்பளத்தில் ஏறி நின்றன. பின்லாந்திலுள்ள தாய்க் கம்பெனிக்கு மென்பொருளுக்காக அனுப்பிய பணத்தில் வரி பிடிக்கவில்லை என்று 2013இல் வருமான வரித் துறை சுமார் இரண்டாயிரம் கோடி கேட்டது. அடுத்த ஆண்டு தமிழ்நாட்டில் அன்றிருந்த ஆட்சியின் வணிகவரித் துறையும் 2,400 கோடிக்கு ஓலை அனுப்பியது. நோக்கியா தன் கைப்பேசித் தொழிலை மைக்ரோசாப்டுக்கு விற்கும் நேரம் அது. 3,500 கோடிக்குப் பொறுப்பு எழுதித் தந்தால்தான் ஆலை கைமாறலாம் என்ற நிபந்தனையை 2014 மார்ச்சில் உச்ச நீதிமன்றமும் விலக்க மறுத்தது. உலகத்திலுள்ள மற்ற ஆலைகளில் பெரும்பாலானவை கைமாறின. திருப்பெரும்புதூர் மட்டும் வழக்கில் சிக்கி நின்றது. 2014 நவம்பர் முதல் நாள் இயந்திரங்கள் ஓய்ந்தன. அதே வளாகத்திலிருந்த ஃபாக்ஸ்கான் ஆலையும் டிசம்பரில் நின்றது.

நோக்கியாவின் கைப்பேசிக்கே அப்போது சந்தையில் மதிப்புச் சரிந்து வந்தது. வழக்கு இல்லாவிட்டாலும் ஆலை தள்ளாடியிருக்கும் என்று வாதிடுவோர் உண்டு. வாதத்தில் உண்மை உண்டு. நோயாளிதான், அதற்காகக் கட்டிலோடு கட்டிப்போட்டுவிட்டு வைத்தியரை வரவேண்டாம் என்று சொல்வது முறையாகுமா? அந்த வரி வழக்கு 2018இல் இரு நாட்டு அதிகாரிகள் பேசி முடித்த இணக்கத்தால் தீர்ந்தது. பூட்டிய ஆலையைச் சால்காம்ப் என்ற கம்பெனி வாங்குவதாக 2019இல் அறிவிப்பு வந்தது. வெளிநாட்டாரிடம் மென்பொருள் வாங்க அனுப்பும் பணத்துக்கு இப்படி வரி பிடிக்க வேண்டுமா என்ற பொதுவான கேள்விக்கு, வேறு பல கம்பெனிகளின் வழக்கில், உச்ச நீதிமன்றம் 2021 மார்ச் 2ஆம் நாள் விடை சொன்னது. வேண்டியதில்லை என்பதே விடை! ஆலை பூட்டி ஆறு ஆண்டுக்குப்பின் வந்த விடை. வரி கேட்பது சர்க்காரின் உரிமை; ஏய்த்தவனைப் பிடிப்பது கடமை. ஆனால் சட்டத்தின் பொருள் என்ன என்பதை 2013இல் கேட்டவனுக்கு 2014இல் சொல்லியிருந்தால் எத்தனை குடும்பத்தில் அடுப்பு எரிந்திருக்கும்? அந்தப் பெண்களில் எவரும் அந்த வழக்கில் வாதியும் அல்லர், பிரதிவாதியும் அல்லர். தண்டனை மட்டும் அவர்களுக்கு!

விரைவு வேண்டும் என்கிறோம். ஆனால் மதுரையின் விரைவை அல்ல. உயர்நீதிமன்றத்தின் சுமையைக் குறைக்கிறோம் என்று சொல்லி டில்லி அடுக்கடுக்காகத் தீர்ப்பாயங்களை அமைத்தது. நல்லது. ஆனால் அங்கே அமர்பவரைச் சர்க்காரே பொறுக்கும், சர்க்காரே நான்காண்டில் வீட்டுக்கு அனுப்பும் என்றால், சர்க்காருக்கு எதிரான வழக்கில் அவர் கை நடுங்காதா? பொற்கொல்லன் சொல்லை நம்பும் அரண்மனையாகத்தானே அது ஆகும்? இதை எதிர்த்து மீண்டும் மீண்டும் உச்ச நீதிமன்றம் ஏறியது நமது சென்னை வழக்கறிஞர் சங்கம். 2010, 2014, 2020, 2021 என்று வழக்குமேல் வழக்கு! செல்லாது என்று நீதிமன்றம் தள்ளிய விதிகளையே பெயர் மாற்றிச் சட்டமாக்கிய 2021ஆம் ஆண்டின் தீர்ப்பாயச் சீர்திருத்தச் சட்டத்தின் முக்கியப் பிரிவுகள் 2025 நவம்பரில் வீழ்ந்தன. சீர்திருத்தம் என்ற சொல்லைக் கேட்டவுடன் கைதட்டிவிடக் கூடாது என்பதற்காக இதைச் சொல்கிறோம்.

மொழியையும் சொல்லாமல் விட முடியாது. கீழ்க்கோர்ட்டில் தமிழ் நடக்கலாம் என்று 1976இல் சட்டம் செய்தோம். உயர்நீதிமன்றத்திலும் வேண்டும் என்று 2006இல் சட்டமன்றம் தீர்மானம் போட்டது, மறுத்துவிட்டார்கள். இராஜஸ்தானத்திலும் உத்தரப் பிரதேசத்திலும் மத்தியப் பிரதேசத்திலும் பீகாரிலும் இந்தி உயர்நீதிமன்றப் படி ஏறலாம். தமிழ் மட்டும் வாசலில் நிற்க வேண்டும்! இது உணர்ச்சிக் கோரிக்கை என்று ஏளனம் செய்வார்கள். தன் வழக்கில் தன் வக்கீல் என்ன பேசினார், ஏன் வாய்தா வாங்கினார் என்பது புரியாத பட்டறைக்காரர், வாய்தாவை எப்படி எதிர்ப்பார்? ஒப்பந்தத்தின் மொழியும் புரியாமல், தீர்ப்பின் மொழியும் புரியாமல் வாணிபம் செய்கிறவனுக்கு நம்பிக்கை எங்கிருந்து வரும்?

வெள்ளானூர்த் தோழருக்கு இன்னும் ஒன்று சொல்ல வேண்டும். அவரை நேராகத் தாக்கியது அது. 2016இல் நொடிப்புச் சட்டம் வந்தது. ஒரு இலட்சம் ரூபாய் பாக்கி வைத்த கம்பெனியையும் கம்பெனிச் சட்டத் தீர்ப்பாயத்துக்கு இழுக்கலாம் என்றது. எப்பேர்ப்பட்ட மாற்றம்! இழுத்தால் கம்பெனியின் நிர்வாகமே கைவிட்டுப் போய்விடும் என்ற அச்சத்தில், ஆண்டுக்கணக்கில் அலைக்கழித்தவர்கள் அறிவிப்பு வந்த வாரத்திலேயே கூப்பிட்டுப் பணம் கொடுக்கலானார்கள். சிறியவன் கையில் அது முதன்முதலாகக் கிடைத்த சாட்டை. 2020 மார்ச் 24ஆம் நாள், தொற்றுநோய்க்காக நாடே கதவடைத்த வேளையில், டில்லி அந்த ஒரு இலட்சத்தை ஒரு கோடியாக உயர்த்தியது. சிறுதொழிலைக் காப்பாற்றவாம்! கடன் பட்ட சிறுதொழிலை நினைத்தார்கள். கடன் கொடுத்த சிறுதொழிலை மறந்தார்கள். இருபது இலட்சம் வரவேண்டியவருக்குக் கதவு சாத்தப்பட்டது. ஒரு கோடிக்கு மேல் வரவேண்டியவருக்கு மட்டும் திறந்திருக்கிறது. அங்கேயும் கடன்காரர் குழுவில் வங்கிகள் வட்டமிட்டு உட்காரும். சரக்குக் கொடுத்தவருக்கு வாக்கில்லை.

1955இல் இதே ஆவடியில்தான் சோஷலிச பாணிச் சமுதாயம் அமைப்போம் என்று காங்கிரஸ் மாநாடு தீர்மானம் போட்டது. ஆவடியிலிருந்து கூப்பிடு தூரத்தில் இருப்பவர் கேட்பது அவ்வளவு பெரியதல்ல. தொற்று போய்விட்டது, வரம்பு மட்டும் ஏன் போகவில்லை? உயர்த்தியது நாடாளுமன்றம் அல்ல, சர்க்காரின் ஓர் அறிவிக்கை. இறக்குவதற்கும் ஓர் அறிவிக்கை போதும். வாதம் வேண்டாம், வாக்கெடுப்பு வேண்டாம், ஒரு கையொப்பம் போதும். நாடாளுமன்றத்தில் இருக்கும் நம் உறுப்பினர்கள் வரும் கூட்டத்தொடரின் முதல் வாரத்திலேயே நிதி அமைச்சரிடம் இந்தக் கேள்வியை எழுப்ப வேண்டும். அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி வட்டாரத்துப் பட்டறைக்காரர்கள் தமக்கு வரவேண்டிய பாக்கியையும், அது எத்தனை மாதமாக நிற்கிறது என்பதையும் எழுதிக் கொடுத்தால், கேள்வியோடு அந்தக் கணக்கும் டில்லிக்குப் போகும்.